வில்லங்கச் சான்றில் வராத பத்தி

மனை வாங்க நினைப்பவர் முதலில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பார். எந்த வருஷம் யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார், அடமானம் ஏதும் இருந்ததா, இருந்தால் தீர்த்தார்களா என்பதெல்லாம் வரிசையாக வந்துவிடும். மூலப்பத்திரத்திலிருந்து சங்கிலி அறுபடாமல் வந்திருந்தால் வக்கீல் தலையை ஆட்டிவிடுவார். அவர் பார்க்காத, பார்க்க வேண்டிய அவசியமும் இல்லாத ஒரு விஷயம் உண்டு: வாங்கினவர் கைக்கு அந்தப் பணம் எப்படி வந்தது? அதற்கென்று ஒரு பத்தி எந்த வில்லங்கச் சான்றிலும் கிடையாது. இங்கிலாந்தின் கிராமப்புற மாளிகைகளைப் பற்றி எழுதுகிறவர்களும் பெரும்பாலும் அந்த வக்கீலைப் போலத்தான். எந்தப் பிரபு எந்த ஆண்டு வாங்கினார், யார் வரைபடம் போட்டார், எந்தக் கூடத்தில் எந்த ஓவியம் தொங்கியது என்று சொல்லி முடித்துக்கொள்வார்கள். லண்டனுக்குத் தென்மேற்கே சுமார் 25 கிலோமீட்டரில், சர்ரே மாவட்டத்தின் ஈஷர் ஊரை ஒட்டி, கிளேர்மாண்ட் என்றொரு எஸ்டேட் இருக்கிறது. விடுபட்ட அந்தப் பத்தியை அதற்கு மட்டும் நிரப்பிப் பார்த்தாலே சித்திரம் மாறிவிடுகிறது. பரம்பரைக்கு அடையாளம் என்று நாம் எண்ணும் மாளிகை, எங்கோ திரண்ட பணத்தைக் கொண்டுவந்து மண்ணில் ஊன்றி, அதற்குப் பரம்பரைச் சொத்தின் தோற்றத்தைக் கொடுக்கும் ஏற்பாடாகத் தெரிகிறது. அப்படிப் பார்த்தால் அது அடிக்கடி கை மாறியதில் வியப்பே இல்லை.

இத்தகைய மாளிகைகளுக்கு வழங்கும் 'மேனர்' என்ற சொல்லின் பழைய பொருள் வேறு. இடைக்காலத்தில் அது ஒரு நிலப்பிரபு, அவருக்குக் கட்டுப்பட்ட குடியானவர்கள், அவர்களின் வழக்குகளை விசாரிக்க அவரே நடத்தும் ஒரு மன்றம் எல்லாம் சேர்ந்த அமைப்பு. குடியானவர் கொடுத்த வாரமும் உழைப்பும் அந்தப் பிரபுவின் வீட்டுக்குச் சோறு போட்டன. வீடு நிலத்தைத் தின்று வாழ்ந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 18-ஆம் நூற்றாண்டு பிறக்கும்போது இந்தக் கணக்கு தலைகீழாகத் தொடங்கியிருந்தது. 1711-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. கவுண்டி தொகுதியின் உறுப்பினராக வேண்டுமானால் ஆண்டுக்கு 600 பவுண்டு வரும்படி தரும் நிலம் வேண்டும். நகரத் தொகுதிக்கு 300 பவுண்டு. வட்டிக் கடையில் எவ்வளவு பணம் இருந்தாலும் கணக்கில் சேராது, நிலம்தான் சேரும். இந்தத் தகுதி முழுமையாக ஒழிய 1858 வரை ஆனது. நிலத்தில் விளைவதைவிட நிலத்தால் கிடைக்கும் தகுதிக்கு மதிப்பு கூடிவிட்ட நிலையில், கப்பலிலும் யுத்தத்திலும் பணம் பண்ணியவர்கள் கிராமத்துப் பக்கம் வந்தது இயற்கைதானே. அவர்கள் தேடி வந்த வீட்டுக்குச் சோறு வேறு இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது.

கிளேர்மாண்ட் பிறந்ததும் அந்தக் காலத்தில்தான். நாடகாசிரியரும் பிளென்ஹைம் அரண்மனையின் கட்டடக்கலைஞருமான ஜான் வான்பிரா 1708-இல் இங்கே நிலம் வாங்கித் தனக்கென்று ஒரு சிறிய வீடு கட்டிக்கொண்டார். சில ஆண்டுகளிலேயே அதைத் தாமஸ் பெலம்-ஹோலிஸ் என்ற இளைஞருக்கு விற்றார். அந்த இளைஞர் 1714-இல் கிளேர் பிரபு ஆனார். அடுத்த ஆண்டே நியூகாசில் டியூக். கிளேர் பிரபுவின் குன்று என்ற பொருளில் எஸ்டேட்டுக்குக் கிளேர்மாண்ட் என்ற பெயர் வந்தது. விற்ற வான்பிராவையே திரும்ப அழைத்து வீட்டைப் பெரிதாக்கச் சொன்னார், குன்றின் மேல் கோட்டைக் கோபுரம் போன்ற ஒரு காட்சி மாடமும் கட்டவைத்தார். என் வாதத்துக்கு இவர் எதிர்ச்சான்று போலத் தெரியலாம். நியூகாசில் வியாபாரி அல்லர்; பல கவுண்டிகளில் பரந்த நிலங்களைத் தந்தையிடமிருந்தும் தாய்மாமனிடமிருந்தும் பெற்றவர், நாட்டின் பெரும் நிலக்கிழார்களில் ஒருவர். ஆனால் அந்தக் குத்தகைப் பணம் சசெக்ஸிலும் நாட்டிங்காமிலும் வசூலானது. கிளேர்மாண்ட் வசூலிக்கும் இடம் இல்லை, செலவழிக்கும் இடம். லண்டனிலிருந்து ஒரு நாளுக்குள் வந்து போகும் தூரத்தில் விருந்து வைக்கவும், வாக்குச் சேகரிக்கவும், ஆளைப் பிடிக்கவும் அவருக்கு ஒரு இடம் வேண்டியிருந்தது. இரண்டு முறை பிரதமராக இருந்தவர். அரசியலில் இருந்து சம்பாதித்தவர்களைப் பற்றித்தான் நமக்கு அதிகம் தெரியும், இவரோ பதவியில் இருந்தபடியே சொந்தச் சொத்தைக் கரைத்தார். 1768-இல் இறந்தபோது, கையில் வந்ததைவிட மிகக் குறைவாகவே விட்டுப்போனார். மறு ஆண்டு அவர் மனைவி கிளேர்மாண்டை 25,000 பவுண்டுக்கு விற்றார். வாங்கியவர் ராபர்ட் கிளைவ்.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்குப் பழக்கமான ஊர்ப் பெயர்கள் பத்திரத்துக்குள் நுழைகின்றன. கிளைவ் 1744-இல், பதினெட்டு வயதில், சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக வந்தவர். சம்பளம் ஆண்டுக்கு 5 பவுண்டு. 1751-இல் ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்து, ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கி நின்றதில்தான் அவர் பெயர் வெளியே தெரிந்தது. அந்த முற்றுகையின்போது இந்தியச் சிப்பாய்கள் சோற்றை வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கொடுத்துவிட்டு, வடித்த கஞ்சி போதும் என்று சொன்னதாக ஒரு கதை ஆங்கிலப் புத்தகங்களில் நெடுங்காலம் சுற்றியது. உண்மையோ, தளபதியின் புகழுக்காகக் கட்டியதோ, அந்தக் கஞ்சியைக் குடித்தவர்கள் எந்த ஏட்டிலும் பெயர் இல்லாதவர்கள். 1753-இல் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் தேவாலயத்தில் மார்கரெட் மாஸ்கலினைக் கைப்பிடித்தார். பெரும் பணம் வந்தது வங்காளத்தில். 1757-இல் பிளாசிப் போருக்குப் பிறகு வங்காள நவாப் மீர் ஜாபரிடமிருந்து 2,34,000 பவுண்டு வாங்கினார். அன்பளிப்பு என்று பெயர். அதோடு நிற்கவில்லை. கல்கத்தாவைச் சுற்றியுள்ள 24 பர்கானா நிலங்களின் ஜமீன்தாரி உரிமை அப்போது கம்பெனியிடம் இருந்தது. அதற்காகக் கம்பெனி நவாபுக்கு ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்தை இனி கிளைவிடமே கட்டிவிடுங்கள் என்று நவாப் எழுதிக் கொடுத்தார். ஆண்டுக்குச் சுமார் 27,000 பவுண்டு. கம்பெனியின் சம்பளக்காரர் ஒருவர் கம்பெனிக்கே நிலப்பிரபு ஆனார். இதை எவ்வளவு முறை படித்தாலும் அதன் துணிச்சல் குறைவதில்லை.

இந்தத் தொகைகளைக் கிளேர்மாண்ட் விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 24 பர்கானா உழவர்களிடம் வசூலான பணத்தில் ஒரு வருடப் பங்கு, கிளேர்மாண்டின் முழு விலையைவிட அதிகம். வாங்கியவுடன் கிளைவ் வான்பிராவின் வீட்டை இடித்தார். அது பள்ளத்தில், ஈரமான இடத்தில் இருந்தது. தோட்டக்கலையில் அன்று நாட்டிலேயே பேர்போன கேபபிலிட்டி பிரவுனை அழைத்தார். கட்டடக்கலைஞர் ஹென்றி ஹாலண்டும் சேர்ந்துகொண்டார். மேட்டில் வெளிர்நிறச் செங்கல்லில் புது மாளிகை எழும்பியது. முன்பக்கம் அகன்ற படிக்கட்டு, அதற்கு மேல் உயரமான தூண்கள் தாங்கும் முகமண்டபம். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் சேர்த்து ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் செலவானதாகச் சொல்வார்கள். அடித்தளம் தோண்டிய காலத்தில், 1770-இல், வங்காளத்தில் பெரும் பஞ்சம் வந்து லட்சக்கணக்கான மக்கள் மடிந்துகொண்டிருந்தார்கள். பஞ்சத்தின்போது கிளைவ் அங்கே பதவியில் இல்லை, 1767-லேயே ஊர் திரும்பிவிட்டார். அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஆனால் அவர் வகுத்துக் கொடுத்த வசூல் முறை அங்கேயே இருந்தது. கட்டி முடிந்த வீட்டில் நிம்மதியாகக் குடியிருக்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1774 நவம்பரில் லண்டனில் பெர்க்லி சதுக்கத்து வீட்டில் 49 வயதில் இறந்தார்.

இன்றைய நீதியை எடுத்துக்கொண்டுபோய் இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய மனிதர் மேல் சுமத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 2020-இல் பிரிட்டனின் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு, தன் பொறுப்பில் உள்ள இடங்களில் 93-க்குக் காலனி ஆட்சியோடும் அடிமை வணிகத்தோடும் தொடர்பு இருப்பதாக ஓர் அறிக்கை வெளியிட்டபோது இந்தக் கேள்விதான் பெரிய சண்டையாக வெடித்தது. நல்ல கேள்விதான், ஆனால் கிளைவ் விஷயத்தில் ஆள் மாறிப் போகிறது. அவர் பணத்தைப் பற்றிக் கேட்டவர்கள் அவர் காலத்து ஆங்கிலேயர்களே. 'நவாப்' என்ற சொல்லையே 'நேபாப்' என்று திரித்து, இந்தியாவில் கொழுத்துத் திரும்பியவர்களைக் கேலி செய்தார்கள். 1772-இல் சாமுவேல் ஃபூட் அந்தத் தலைப்பிலேயே லண்டனில் நாடகம் போட்டார். அதே ஆண்டு நாடாளுமன்றம் விசாரணையைத் தொடங்கியது. 1773 மே மாதத்தில் அவர் 2,34,000 பவுண்டு எடுத்துக்கொண்டதைத் தீர்மானத்தில் பதிவு செய்த அதே அவை, நாட்டுக்குப் பெரும் சேவை செய்தவர் என்றும் சேர்த்து எழுதி விட்டுவிட்டது. கேள்வி கேட்காமல் விடவில்லை, கேட்டு, பதிலையும் தெரிந்துகொண்டு, மன்னித்தார்கள். சர்ரே குடியானவர்கள் அந்த அளவுக்குக்கூட இறங்கிவரவில்லை. இந்தத் துஷ்டப் பிரபு தன் வீட்டுச் சுவரை ஏன் இவ்வளவு கனமாகக் கட்டுகிறார் தெரியுமா, ஒரு நாள் தன்னைத் தூக்கிக்கொண்டு போக வரும் பிசாசு உள்ளே நுழையாமல் இருக்கத்தான் என்று அவர்கள் கிசுகிசுத்ததாக வரலாற்றாசிரியர் மெக்காலே 1840-இல் எழுதிவைத்திருக்கிறார். மெக்காலேக்குக் கதையை மெருகேற்றிச் சொல்லும் பழக்கம் உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொண்டே சொல்கிறேன்: கூலிக்கு மண் சுமந்தவர்களுக்கு முதலாளியின் பணத்தில் ஏதோ நாற்றம் அடித்திருக்கிறது.

கிளைவுக்குப் பிறகு வாங்கிய கால்வே பிரபு, கட்டின செலவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்கவில்லை என்பார்கள். அவருக்கு அடுத்து டிர்கானல் பிரபு. இருவரைப் பற்றியும் சொல்ல அதிகம் இல்லை. 1807-இல் வந்த சார்லஸ் ரோஸ் எல்லிஸ்தான் கவனிக்க வேண்டியவர். ஜமைக்காவில் அடிமைகளின் உழைப்பில் ஓடிய கரும்புத் தோட்டங்கள் அவருடையவை. நாடாளுமன்றத்தில் மேற்கிந்தியத் தோட்ட முதலாளிகளின் குரலாக இருந்தவர். கிளேர்மாண்டை வாங்கிய அதே 1807-இல்தான் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்தது. ஆனால் அடிமைகளை வைத்திருப்பதற்கு இன்னும் கால் நூற்றாண்டு தடை வரவில்லை. 1833 சட்டத்தின் கீழ் அரசு 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியபோது, அது போய்ச் சேர்ந்தது அடிமைகளிடம் இல்லை, முதலாளிகளிடம்; அதற்குள் சீஃபோர்டு பிரபுவாகிவிட்ட எல்லிஸும் அதில் பங்கு பெற்றவர். ஆகக் கங்கைக் கரையின் நிலவரியும் ஜமைக்காவின் சர்க்கரையும் அரை நூற்றாண்டுக்குள் அதே படிக்கட்டில் ஏறி வந்திருக்கின்றன. வீட்டுக்குள் நுழைந்தபின் இரண்டும் ஒரே நிறமாகிவிட்டன.

1816-இல் கிளேர்மாண்டைத் தேசமே வாங்கியது. பட்டத்து இளவரசரின் ஒரே மகள் சார்லட், ஜெர்மானிய இளவரசர் லியோபோல்டை மணந்ததற்கு நாடாளுமன்றத்தின் கல்யாணப் பரிசு. சுமார் 60,000 பவுண்டு மதிப்பு. நிலத்துக்கு இவ்வளவு, மாளிகைக்கு இவ்வளவு, மேசை நாற்காலிகளுக்கு இவ்வளவு என்று அவையில் பிரித்துச் சொன்னார்கள். ஏறத்தாழ ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. 1817 நவம்பரில், இரண்டு நாளுக்கு மேல் நீடித்த பிரசவ வேதனைக்குப் பிறகு சார்லட் இறந்து பிறந்த ஓர் ஆண் குழந்தையைப் பெற்றார். சில மணி நேரத்தில் அவரும் போய்விட்டார். வயது 21. பிரசவம் பார்த்த மருத்துவர் ரிச்சர்டு கிராஃப்ட் மூன்று மாதம் கழித்துத் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். அரசருக்குச் சட்டப்படியான பேரப்பிள்ளை ஒன்றுகூட மிஞ்சாததால், நடுவயதைத் தாண்டிய அரசகுமாரர்கள் அவசர அவசரமாகக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அதில் பிறந்தவர்தான் விக்டோரியா. மனைவியை இழந்து நின்ற லியோபோல்டுக்கு ஆண்டுக்கு 50,000 பவுண்டு அரசு மானியம் தொடர்ந்தது. 1831-இல் அவர் பெல்ஜியத்தின் அரசரானபோது மானியத்தை விட்டுக்கொடுத்தார். ஆனால் கிளேர்மாண்டைப் பராமரிக்கும் செலவைப் பிடித்துக்கொண்டுதான். அந்நிய நாட்டு அரசர் ஒருவரின் காலி வீட்டுக்கு ஒட்டடை அடிக்க பிரிட்டிஷ் வரிப்பணம் போனது.

அந்தக் காலி வீட்டில் 1848-இல் வந்து இறங்கியவர் பிரெஞ்சு அரசர் லூயி பிலிப். பிப்ரவரிப் புரட்சியில் முடியைத் துறந்து, 'மிஸ்டர் ஸ்மித்' என்று பெயர் சொல்லிக் கடல் தாண்டி வந்தவருக்கு மறுமணத்தால் அவருக்கு மருமகனாகியிருந்த லியோபோல்டு கொடுத்த இடம். அந்த ஆண்டு முடிவதற்குள் குடும்பத்தில் ஒருவர் பின் ஒருவராக வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்கள். மருத்துவர்கள் தேடிப் பார்த்ததில் குற்றவாளி குடிதண்ணீர்: ஈயக் குழாயிலும் தொட்டியிலும் நின்ற நீரில் ஈயம் கரைந்திருந்தது. முகமண்டபத்துக்குக் கொட்டிய பணத்தில் குழாய்க்குக் கொஞ்சம் ஒதுக்கியிருக்கலாம். லூயி பிலிப் 1850-இல் இங்கேயே இறந்தார். 1882-இல் விக்டோரியா தன் கடைசி மகன் ஆல்பனி டியூக்குக்காகக் கிளேர்மாண்டை வாங்கினார். அந்த மகன் இரண்டே ஆண்டில் இறக்க, அதன்பின் இதே வீட்டில் பிறந்த பேரன் சார்லஸ் எட்வர்டு, ஜெர்மனிக்குச் சென்று, 1900-இல் பதினாறு வயதில் சாக்ஸ்-கோபர்க் டியூக் ஆக வேண்டியிருந்தது. முதல் உலகப் போரில் அவர் ஜெர்மனிப் பக்கம் நின்றார். பிரிட்டிஷ் பட்டங்கள் 1919-இல் பறிபோயின. 1922-இல் தாயார் இறந்தபோது கிளேர்மாண்ட் மகனுக்குப் போகாமல் எதிரிநாட்டார் சொத்தாகிவிட்டது. 'பிறந்த மண்', 'ரத்த உரிமை' என்று இந்த மாளிகைகளைச் சுற்றிப் பேசுவதெல்லாம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். அந்த வீட்டிலேயே பிறந்த ஒரே வாரிசுக்கு அது கிடைக்கவில்லை. கூனார்டு கப்பல் கம்பெனியின் இயக்குநர் வில்லியம் கோரிக்குக் கிடைத்தது; அவர் இறந்ததும் யூஜென் ஸ்பையர் என்ற ஜெர்மானிய நிதியாளருக்கு.

கிளேர்மாண்ட் ஒரு விதிவிலக்கு, லண்டனுக்குப் பக்கத்தில் இருந்ததால் புதுப் பணக்காரர் கையில் மாட்டிக்கொண்டது, எண்ணூறு வருஷமாக ஒரே குடும்பத்தில் இருக்கும் வீடுகளைப் பார்க்க வேண்டாமா என்று கேட்கலாம். பார்க்கலாம். குளோஸ்டர்ஷயரில் பெர்க்லி கோட்டை 12-ஆம் நூற்றாண்டிலிருந்து பெரும்பாலும் பெர்க்லி குடும்பத்திடம்தான் இருந்து வருகிறது. அது எப்படித் தாக்குப்பிடித்தது? அந்தக் குடும்பத்துக்கு லண்டன் மேஃபேரில் ஒரு பெரும் நிலப்பரப்பு இருந்தது. கிளைவ் இறந்த பெர்க்லி சதுக்கம் அவர்கள் பெயரில்தான் வழங்குகிறது. 1919-இல் எட்டாவது பெர்க்லி பிரபு அந்த லண்டன் நிலத்தை விற்று, வந்த பணத்தில் கோட்டையைப் புதுப்பித்தார். கை மாறாத வீட்டுக்கும் உணவு வெளியிலிருந்துதான் வந்திருக்கிறது. இங்கே வெளி என்பது லண்டன் நகரம், அவ்வளவே வித்தியாசம். வெளிவருமானம் இல்லாமல் வயலை மட்டும் நம்பியவர்களின் கதி 1870-களின் இறுதியில் தெரிந்தது. அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்து விலையைச் சரித்தபோது குத்தகையும் சரிந்தது. 1894-இல் வந்த புதிய மரண வரி உச்சமாக 8 சதவீதம். 1919-க்குள் மிகப் பெரிய சொத்துகளுக்கு அது 40 சதவீதம். வரிதான் மாளிகைகளைக் கொன்றது என்று அந்த வகுப்பார் இன்றும் சொல்வார்கள். வரி சுமைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் தன் நிலத்தின் வரும்படியில் ஒருபோதும் நிற்காத வீட்டை வரி வந்து சாய்த்தது என்பது, ஊன்றுகோலைப் பிடுங்கியவனைக் கால் உடைத்தவன் என்று சொல்வது போல. 1974-இல் லண்டனின் விக்டோரியா-ஆல்பர்ட் அருங்காட்சியகம் இடிந்துபோன மாளிகைகளுக்காகவே ஒரு கண்காட்சி நடத்தியது. நூறு ஆண்டில் ஆயிரத்துக்கும் மேல் போயிருந்தன. கிளேர்மாண்டும் 1930-இல் ஆளில்லாமல், இடிப்புக்குக் காத்துக் கிடந்ததுதான். தெற்கு லண்டனைச் சேர்ந்த ஒரு பள்ளியின் நிர்வாகிகள் வாங்கியதால் தப்பியது. இரண்டாம் உலகப் போரில் ஹாக்கர் விமானக் கம்பெனியின் வடிவமைப்பாளர்கள் கிளைவின் அறைகளில் வரைபலகை போட்டு உட்கார்ந்தார்கள். இப்போதும் அங்கே பள்ளிதான். வீட்டுக்கு இப்போது சோறு போடுவது மாணவர் கட்டணம்.

பணம் எங்கிருந்து வந்தால் என்ன, அழகு அழகுதானே என்ற பேச்சுக்கு மட்டும் எனக்கு முழுப் பதில் இல்லை, முழுப் பதில் தேவை என்றும் தோன்றவில்லை. நியூகாசில் காலத்தில் தோட்டக்கலைஞர் சார்லஸ் பிரிட்ஜ்மன் இங்கே ஏரிக்கரைச் சரிவில் ஒரு புல் அரங்கம் வெட்டினார். சுமார் மூன்று ஏக்கர். நாடகம் போடுவதற்கு இல்லை, பார்ப்பதற்கு. மேலே படிகள் உட்குழிவாக இறங்கி, பாதியில் வெளிவளைவாகத் திரும்பி, அலைபோல மடிந்து கரையைத் தொடுகின்றன. மண்வெட்டியும் கூடையும் கொண்டு கையால் செய்த வேலை. பார்ப்பவரை நிற்க வைக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அழகைக் காப்பதற்குத்தான் இந்தச் சொந்தக்காரர்கள் வந்தார்கள் என்பது மட்டும் பொருந்தவில்லை. பின்னால் வந்தவர்களின் ரசனையில் இந்தப் படிகளை மரமும் புதரும் மூடின. வான்பிராவின் வீட்டைக் கிளைவ் இடித்தார். ஒவ்வொரு பணமும் முந்திய பணத்தின் தடத்தை அழித்துத்தான் தன் பெயரை எழுதியது. 1949-இல் தோட்டத்தில் 49 ஏக்கரை நேஷனல் டிரஸ்ட் ஏற்றது. அதன்பிறகே புதரை வெட்டி அரங்கத்தை வெளியே எடுத்தார்கள். ஆக வீடு ஒருவரிடம், தோட்டம் இன்னொருவரிடம். சீட்டு வாங்கி உள்ளே போகிறவர் குன்றின் நடுவில் இருக்கும் நீண்ட புல்தரையில் நின்று நிமிர்ந்தால், வான்பிராவின் காட்சி மாடம் தெரியும். அது நிற்கும் மண் பள்ளிக்குச் சொந்தம். கதவு வருஷத்தில் சில நாட்கள்தான் திறக்கும்.